குடத்து அடியை எம்பிசி பெட்டிக்குள் கொண்டுவருவது

இரணியல் பக்கம் மைக் செட் தொழில் பார்க்கிறேன். பங்குனி, சித்திரை வந்தால் அம்மன் கொடை, சுடலை கொடை என்று கோயில் விழாக்களில் பந்தலுக்குப் பந்தல் ஓட்டம்தான். வில்லுப்பாட்டு மேடையில் தாளத்துக்கு அடிக்கிற மண்குடத்துக்குப் பக்கத்தில் மைக் வைத்து வைத்து அந்த அடி காதில் ஊறிப்போய்விட்டது. எங்கள் சித்தப்பா ஒருவர் குடம் அடிக்கிறவர். அவர் கையை அப்படியே எடுத்து வைத்து, வேறு பாட்டுக்கும் வாசிக்கிற மாதிரி செய்ய வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அதற்காகத்தான் அகாய் எம்பிசி 2000எக்ஸ்எல் என்ற பழைய பெட்டியைக் கற்றுக்கொண்டேன். அந்த வேலையை எப்படிச் செய்தேன் என்பதை முழுதாக எழுதுகிறேன். உங்களிடம் உடுக்கோ, பறையோ, செண்டையோ இருக்கலாம். முறை மாறாது.

பெட்டியைப் பற்றிக் கொஞ்சம். ராஜர் லின் என்ற வடிவமைப்பாளர் அகாய் நிறுவனத்தோடு சேர்ந்து 1988-ல் எம்பிசி 60-ஐக் கொண்டுவந்தார். ஒலியைப் பதிவு செய்வது, அதை வெட்டி, விரலால் தட்டுகிற பேடுகளில் வைப்பது, பேடில் வாசித்ததை வரிசையாக நினைவில் வைத்துத் திரும்ப ஓட்டுவது, மூன்றும் ஒரே பெட்டியில். 1994-ல் எம்பிசி 3000, 1997-ல் எம்பிசி 2000. அதற்கு அடுத்ததுதான் இந்த 2000எக்ஸ்எல். 16 ரப்பர் பேடு, ஏ முதல் டி வரை நான்கு பேங்க், ஆக 64 இடம். சிடியில் இருக்கிற அதே தரத்தில், அதாவது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவாகும். ஒரே நேரத்தில் 32 ஒலி வரை பேசும்.

இதையெல்லாம் கணினியிலேயே செய்யலாமே என்று பலர் கேட்கிறார்கள். செய்யலாம். ஆனால் கணினியில் உட்கார்ந்தால் கண் திரையில் இருக்கிற அலையைப் பார்த்து முடிவு செய்கிறது. இந்தப் பெட்டியின் திரை கையகலம்கூட இல்லாததால் காதால்தான் முடிவு செய்ய முடியும். தாள வேலைக்கு எனக்கு அது பெரிய உதவி.

செருகுவதற்கு முன்னால்

எனக்கு இந்தப் பெட்டி குவைத்தில் இருக்கிற அத்தான் மூலம் வந்தது. ஊருக்குத் திரும்பும் ஒரு இசைக்காரரிடம் வாங்கி, துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தார். பெட்டிக்குள் இருந்து எடுத்ததும் நான் முதலில் பார்த்தது பின்பக்கம் ஒட்டியிருந்த தகடு. அதில் 120 வோல்ட் என்று போட்டிருந்தது. பழைய சொந்தக்காரர் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டியிருக்கிறார், அது கூட வரவில்லை. நம் வீட்டு பிளக்கில் அப்படியே செருகியிருந்தால் அன்றைக்கே பவர் சப்ளை போயிருக்கும். ஜப்பானில் விற்றது 100 வோல்ட், அமெரிக்காவில் விற்றது 120 வோல்ட், ஐரோப்பியப் பெட்டிதான் நம் 230-க்கு ஒத்துப்போகும். தகட்டைப் படிக்காமல் செருகாதீர்கள். 100 என்று இருந்தால் 100-க்கான ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர், 120 என்றால் 120-க்கானது. இரண்டும் ஒன்றுதான் என்று கடைக்காரர் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

ஓடுகிறது என்று தெரிந்ததும் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். ஒரு அழுத்துக்கு இரண்டு தடவை வேலை செய்தாலோ, பலமாக அழுத்தினால்தான் கேட்டாலோ உள்ளே இருக்கிற சின்ன டாக்ட் சுவிட்ச் தேய்ந்திருக்கிறது. ரேடியோ ரிப்பேர் தெரிந்த யாரும் மாற்றிவிடலாம், செலவும் குறைவு. பேடுகளில் எல்லாம் ஒரே பலத்தில் தட்டி, ஏதாவது ஒன்று மட்டும் மெதுவாகக் கேட்கிறதா என்று பாருங்கள். டேட்டா வீலைச் சுற்றும்போது எண் முன்னும் பின்னும் தாவினால் அதையும் கவனிக்க வேண்டும். திரை மங்கலாக இருப்பது வயதுக் கோளாறு, பயப்பட ஒன்றுமில்லை, மாற்றுத் திரை கிடைக்கிறது.

நினைவகம் முக்கியம். கம்பெனியில் இருந்து வரும்போது 2 எம்பிதான். அதில் மோனோவாகச் சுமார் 22 விநாடி பிடிக்கலாம். 32 எம்பி வரை ஏற்றலாம், அப்போது ஆறு நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். தேவைப்படுவது 72 முனை சிம் நினைவகம், 16 எம்பி வீதம் இரண்டு. பழைய பென்டியம் கணினிகளில் இருந்தது. நான் பழைய கணினி உடைக்கிற ஒரு இடத்தில் தேடி எடுத்தேன். குடம் அடியைப் பிடிக்கும் முறைக்கு நீளமான பதிவு தேவைப்படும் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கொல்லங்கோடு முதல் முட்டம் வரை கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உப்புக் காற்றில் ஜாக்குகள் பச்சை பிடிக்கும், பதிவு அளவைக் கூட்டிக் குறைக்கிற ரெக்கார்டு கெயின் குமிழைத் திருகும்போது கரகரக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு ஜாக்கைத் துடைத்தால் போதும். நம் ஜில்லாவுக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஃபிளாப்பியில் பூஞ்சை வராமல் இருக்காது. பூத்த ஃபிளாப்பியை டிரைவில் போட்டால் ஹெட்டும் கெட்டுவிடும். ஃபிளாப்பி டிரைவ் இருந்த இடத்தில் பென் டிரைவ் செருகுகிற எமுலேட்டரை மாட்டிவிடுவது நல்லது. நான் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

பதிவு

இதில்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது.

முதலில் நான் செய்தது தப்பான வழி. சித்தப்பாவை வீட்டுக்குக் கூப்பிட்டு, குடத்தை வைக்கோல் சும்மாட்டின் மேல் வைத்து, "ஒரு அடி மெதுவா, ஒரு அடி பலமா, தனித்தனியா அடிங்க சித்தப்பா" என்றேன். அடித்தார். எல்லாம் சுத்தமாகப் பதிவானது. பேடில் வைத்து வாசித்தால் செத்த சத்தம். மறுநாள் அவரிடமே சொன்னேன். "மக்கா, பாட்டு இல்லாம சும்மா அடின்னா எப்பிடி அடிக்கது? கதை ஓடணும், கை தானா வரும்" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. வில்லுப்பாட்டில் குடக்காரர் தனியாக வாசிப்பதில்லை. புலவர் வரி பாடி, வீசுகோல் வில்லில் விழுந்து மணி குலுங்கி, பின்பாட்டுக்காரர்கள் "ஆமா" போடுகிற இடத்தில்தான் குடம் எழும்பும். அந்த எழுச்சி அடியின் பலத்திலும் இருக்கிறது, நேரத்திலும் இருக்கிறது. அதனால் முறையை மாற்றினேன். குழுவினர் ஐந்து பேரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஷெட்டுக்கு அழைத்து, கதை பாட வைத்து, குடத்தின் சத்தம் மட்டும் எடுத்தேன். கூலியைப் பேசி முதலிலேயே கொடுத்தேன். பதிவை எதற்குப் பயன்படுத்துவேன் என்பதையும் சொல்லி, சம்மதம் கேட்டுத்தான் தொடங்கினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

மைக் வைக்கும் இடம்: வாயில் அடிக்கிற மட்டை விழும்போது குடத்தின் வாயிலிருந்து காற்று தள்ளிக்கொண்டு வெளியே வரும். வாய்க்கு நேர் மேலே மைக் வைத்தால் அந்தக் காற்று மைக்கில் மோதி 'பொப்' என்று கெடுக்கும். வாய் விளிம்பிலிருந்து ஒரு சாண் பக்கவாட்டில் தள்ளி, வாயைப் பார்த்த மாதிரி சாய்த்து வையுங்கள். மறு கையால் குடத்தின் உடம்பில் தட்டுகிற 'டிக்' சத்தமும் அதிலேயே விழும். சாதாரண டைனமிக் மைக் போதும். வில்லும் உடுக்கும் பாடுகிறவர்களும் மைக்கின் முதுகுப்பக்கம் வருகிற மாதிரி குடத்தைக் கொஞ்சம் திருப்பிவைத்தால் மற்ற சத்தம் வெகுவாகக் குறையும். முழுதாகப் போகாது. அடி விழுந்த அந்தக் கணத்தில் குடம்தான் மேலே நிற்கும் என்பதால் பரவாயில்லை.

எம்பிசியின் ரெக்கார்டு இன்புட்டில் மைக்கை நேராகச் செருகினால் சத்தம் போதாது. ஒரு சின்ன மிக்ஸர் வழியாகக் கொடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். தரையிணைப்பு சரியில்லாத பழைய வீடுகளில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறும், அது குடத்தின் அடித்தொனிக்குக் கீழேயே ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. மிக்ஸரும் எம்பிசியும் ஒரே பிளக் போர்டில் இருந்தால் பாதி இரைச்சல் குறைந்துவிடும். தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் இருக்கிறவர்கள் காற்றுக்குக் கதவைச் சாத்தாமல் தொடங்க வேண்டாம்.

இனிப் பெட்டியில். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு 4-ஐத் தட்டினால் சாம்பிள் பக்கம் வரும். இன்புட் அனலாக், மோடு மோனோ எல். நேரம் 30 விநாடி வையுங்கள். பலமான அடி விழும்போது மீட்டர் உச்சியைத் தொடாமல் கொஞ்சம் கீழே நிற்கிற மாதிரி கெயினைத் திருகுங்கள். ஒத்திகையில் அடிப்பதைவிடக் கதை சூடு பிடித்தபின் கை பலமாகும், அதற்கும் இடம் விடுங்கள். திரெஷோல்டு என்பது எவ்வளவு சத்தம் வந்தால் பதிவு தொடங்க வேண்டும் என்ற அளவு. ப்ரீ ரெக் 100 மில்லி விநாடி வைத்தால், அந்தச் சத்தத்துக்குச் சற்று முன்னால் நடந்ததும் சேர்ந்து வரும், முதல் அடியின் தலை வெட்டுப்படாது. இப்படி 30 விநாடி வீதம் ஏழெட்டுத் துண்டு எடுத்தேன். கதையின் தொடக்கத்தில் இரண்டு, நடுவில் மூன்று, சாமி வருகிற இடத்தில் மூன்று. நல்லதாகப் பட்டதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்தேன்.

வெட்டுவது

ஷிஃப்ட், 5. டிரிம் பக்கம். ஒரு துண்டை ஓடவிட்டு, பிடித்த அடி வரும் இடத்தைத் தேடி, எஸ்டி என்ற தொடக்கத்தையும் எண்டு என்ற முடிவையும் டேட்டா வீலால் நகர்த்துங்கள். எடிட்டுக்குள் போய் 'செக்ஷன் டு நியூ சவுண்ட்' கொடுத்தால் அந்த அடி மட்டும் தனி ஒலியாகிவிடும், மூலத்துண்டு அப்படியே இருக்கும். 'டிஸ்கார்டு' கொடுத்தால் குறித்த இடத்துக்கு வெளியே உள்ளதெல்லாம் போய்விடும், அதை எல்லாம் எடுத்து முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஸோன் பக்கத்தில் ஒரு துண்டைச் சம பாகங்களாகப் பிரித்து, ஒரே தடவையில் வெட்டுகிற வசதியும் இருக்கிறது. எண்ணி அடித்த டிரம் லூப்புக்கு அது நன்றாக வரும். குடத்துக்கு நான் அதைப் பயன்படுத்துவதில்லை, சம பாகமாக அடி விழுவதே இல்லையே.

தொடக்கப் புள்ளியை அடியின் உச்சியில் வைக்காதீர்கள். மட்டை குடத்தில் படும் முன் ஒரு மெல்லிய உரசல் கேட்கும், அதைச் சேர்த்து வெட்டுங்கள். முடிவை அவசரப்பட்டுக் குறுக்காதீர்கள். மண்குடத்தின் 'தும்' அடங்க முக்கால் விநாடியாவது ஆகும். கடைசியில் என் கையில் நின்றது 12 அடி: திறந்த 'தும்' மெதுவாக, நடுவாக, பலமாக. கையால் அமுக்கிய 'தப்' அதே மாதிரி மூன்று. உடம்பில் தட்டுகிற 'டிக்' மூன்று. மட்டை உரசுவது ஒன்று, 'தும்'மும் 'டிக்'கும் ஒன்றாக விழுந்தது இரண்டு.

ஷிஃப்ட், 6-ல் புரோகிராம், எந்தப் பேடில் எந்த ஒலி என்று வைக்கிற பக்கம். இங்கே மோடு என்ற இடத்தில் 'வெல் எஸ்டபிள்யூ' என்று ஒன்று இருக்கிறது. ஒரே பேடை எவ்வளவு பலமாகத் தட்டுகிறோம் என்பதை வைத்து மூன்று வேறு ஒலிகளுக்கு மாறும். பலம் 1 முதல் 127 வரை. நான் 50-க்கு மேல் நடு அடி, 95-க்கு மேல் பலமான அடி என்று வைத்திருக்கிறேன். ஒரே சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம், ஏனென்றால் பலமாக அடித்தால் குடம் சத்தம் கூடுவது மட்டுமில்லை, தொனியே மாறுகிறது. அடுத்து மியூட் அசைன். 'தப்' விழுந்தால் ஓடிக்கொண்டிருக்கிற 'தும்' உடனே நிற்க வேண்டும், நிஜக் குடத்தில் கை வைத்தால் அப்படித்தான். அதை இங்கே குறித்துக் கொடுத்துவிடலாம்.

நேரம்

எம்பிசி ஒரு காலத்தை, அதாவது தாளத்தின் ஒரு எண்ணிக்கையை, 96 துளியாகப் பிரித்து வைத்திருக்கிறது. டெம்போ 100, அதாவது நிமிடத்துக்கு 100 காலம் என்றால் ஒரு துளி 6.25 மில்லி விநாடி. காலத்தை நாலாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 24 துளி. டைமிங் கரெக்ட் 1/16 என்று இருந்தால், நீங்கள் முன்னே பின்னே தட்டினாலும் பெட்டி அதை அந்த 24-இல் இழுத்து உட்கார வைத்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் இதைப் போட்டுவைத்துக்கொண்டு, ஏன் உயிரில்லை என்று யோசிக்கிறார்கள்.

குடத்துக்கு அதை ஆஃப் செய்துவிடுங்கள். சித்தப்பாவை உட்காரவைத்து, ஸ்பீக்கரில் பழைய கொடைப் பதிவு ஒன்றை ஓடவிட்டு, பேடில் விரலால் வாசிக்கச் சொன்னேன். முதல் அரைமணி நேரம் அவருக்குப் பிடிபடவில்லை. பிறகு மட்டை பிடிக்கிற கையை ஒரு பேடிலும், தட்டுகிற கையை இன்னொன்றிலும் வைத்ததும் வந்துவிட்டது. டெம்போவை டாப் டெம்போ பொத்தானை அவரே நாலு தடவை தட்டி வைத்தார். ரெக்கும் பிளே ஸ்டார்ட்டும் சேர்த்து அழுத்தினால் பதிவு, அதற்கு மேல் சேர்க்க ஓவர் டப்பும் பிளே ஸ்டார்ட்டும். பிடிக்காவிட்டால் அன்டூ சீக்வென்ஸ்.

ஸ்டெப் எடிட்டில் போய் ஒவ்வொரு அடியும் எந்தத் துளியில் விழுந்திருக்கிறது என்று எழுதிப் பார்த்தேன். 24-இல் விழ வேண்டிய இரண்டாவது அடி, பெரும்பாலும் 27, 28-இல் விழுந்திருந்தது. தற்செயல் இல்லை, வரிக்கு வரி அப்படியே. இந்தத் தள்ளலைத்தான் ராஜர் லின் தன் டிரம் இயந்திரங்களில் ஸ்விங் என்ற பெயரில் எண்ணாக்கி வைத்தார். 50 சதவீதம் என்றால் தள்ளல் இல்லை, அடி 24-இல். 75 வரை போகலாம், அப்போது 36-இல். இரண்டு அடிக்கு உரிய 48 துளியில் 28 என்பது சுமார் 58 சதவீதம். ஆக, டைமிங் கரெக்டில் 1/16, ஸ்விங் 58 என்று வைத்தால் சித்தப்பாவின் நடைக்குப் பக்கத்தில் வந்துவிடும். பக்கத்தில்தான். ஏனென்றால் "ஆமா" வருகிற இடத்தில் அவர் 25-க்கு முன்னேறிவிடுகிறார், கதை சோகமாகும்போது 30 வரை பின்வாங்குகிறார். எந்த ஒரு எண்ணும் அதைச் சொல்லாது. அமெரிக்காவில் ஜே டில்லா என்ற இசைக்காரர் எம்பிசி 3000-இல் இப்படித் தள்ளி விழுகிற அடிகளுக்குப் பேர் பெற்றார், அவருடைய பெட்டி இன்று அங்கே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் குடக்காரர்கள் கையிலும் அதே விஷயம் இருக்கிறது என்பதை அந்த எண்களைப் பார்த்தபோதுதான் நான் கண்ணால் கண்டேன்.

என் முறை இதுதான். குடம் டிராக் 1-இல், திருத்தமே இல்லாமல். ஜால்ரா டிராக் 2-இல், 1/16-க்குத் திருத்தி. ஜால்ரா நேராக நின்றால்தான் குடத்தின் சாய்வு காதில் தெரியும். இரண்டையும் திருத்தினால் கடிகாரம், இரண்டையும் விட்டால் தடுமாற்றம். முழுக் குடமும் ஜால்ராவுக்குப் பின்னால் தொங்குகிற மாதிரி இருந்தால், டைமிங் கரெக்ட் ஜன்னலிலேயே ஷிஃப்ட் டைமிங் இருக்கிறது, மொத்த டிராக்கையும் இரண்டு மூன்று துளி முன்னுக்குத் தள்ளுங்கள். அடிகளுக்கு இடையே உள்ள உறவு கெடாது. ஏழு எண்ணிக்கைப் பாட்டு என்றால் வாசிப்பதற்கு முன்பே பார் என்கிற தாளச் சுற்றின் அளவை 7/8 என்று மாற்றிவிடுங்கள்.

உடுக்கை வைக்கிறவர்களுக்கு: கயிற்றை அமுக்கும்போது தொனி வழுக்கிப் போகும். அதை அடி அடியாக வெட்டினால் வழுக்கல் அறுந்துவிடும். இரண்டு மூன்று அடி சேர்ந்த சொற்கட்டாகவே வெட்டிப் பேடில் வையுங்கள்.

சேமிப்பு

இந்தப் பெட்டியில் வேலை செய்துகொண்டிருக்கும்போது எல்லாம் தற்காலிக நினைவில்தான் இருக்கும். கரண்ட் போனால் ஒன்றும் மிஞ்சாது. முதல் முறை வெட்டி முடித்த ஒன்பது அடிகளை ஒரு மழைநாள் ராத்திரி அப்படி இழந்தேன், மறுபடி வெட்ட இரண்டு நாள் ஆனது. கணினிக்கு வைக்கிற சின்ன யுபிஎஸ் ஒன்றை, டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அதற்கு முன்னால் போட்டுவையுங்கள். இருந்தாலும் மூன்று அடி வெட்டினால் ஒரு சேவ்.

ஷிஃப்ட், 3-இல் லோடு பக்கம், அங்கேயே சேவும் இருக்கிறது. வாசித்த வரிசைகளான சீக்வென்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு கோப்பு, புரோகிராமும் ஒலிகளும் இன்னொன்று. இரண்டையும் சேமித்தால்தான் முழு வேலை. ஒலிகளைச் சேமிக்கும்போது வேவ் என்பதைத் தேர்ந்தெடுங்கள், கணினியும் திறக்கும். ஒரு ஃபிளாப்பி அளவான 1.44 எம்பியில் மோனோ ஒலி சுமார் 16 விநாடி பிடிக்கும். என் 12 அடியும் ஒரே ஃபிளாப்பிக்குள் அடங்கிவிட்டன. மூலத்துண்டு 30 விநாடி என்றால் அடங்காது, அவற்றைக் கணினியிலும் ஒரு பிரதி பதிவு செய்துவைத்தேன்.

கோப்பின் பெயரில் எந்தக் குடம், எந்த ஊர்க் கொடை, யார் கை என்பதைச் சுருக்கமாகவாவது போடுங்கள். ஒரு பிரதியைப் பென் டிரைவில் ஏற்றி அடித்தவர் வீட்டிலும் கொடுத்துவிடுங்கள்.